சித்திரை வந்தால் இரையும் கிட்டார்

தொப்பூர்க்காரன்:
கிட்டாரைப் பழுது பார்க்கிறேன் என்று கெடுத்துக்கொண்ட கதைகளைச் சொல்லலாம். முதலில் என்னுடையது.

இரண்டு வருடம் முன்பு ஐப்பசி மழையில் என் கிட்டாரில் கம்பிகள் உயர்ந்து, அழுத்தினால் விரல் எரிந்தது. வெளியூர்க் கடை ஒன்றில் கொடுத்தேன். நட்டில், அதாவது கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் சின்னப் பட்டையில், கம்பி உட்காரும் பள்ளங்களை அரத்தால் ராவி இறக்கிக் கொடுத்தார்கள். வெண்ணெய் மாதிரி இருந்தது. சித்திரை பிறந்ததும் ஆறு கம்பியும் வண்டு மாதிரி இரைந்தன. கம்பிதான் தேய்ந்துவிட்டது என்று மூன்று செட் மாற்றினேன். காசுதான் போனது.

விஷயம் மரத்தில் இருந்தது. ஈரக் காற்றில் முன்பலகை உப்பும், கம்பி உயரும். வறண்டால் பலகை இறங்கும், கம்பியும் கூடவே இறங்கும். மரம் தானாகக் கீழே வந்திருக்க வேண்டியதை, கடைக்காரர் மழைக்காலத்திலேயே அரத்தால் இறக்கிவிட்டார். தருமபுரி வெயில் அதற்கு மேலும் இறக்கியது. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகத் துண்டுகளான ஃப்ரெட்களின் முனைகள்கூட வெளியே நீட்டிக்கொண்டு கையைக் குத்தின. சுருங்கியது மரம், உலோகத் துண்டு சுருங்காது அல்லவா?

கண்டுபிடித்தது இப்படி: விரல் வைக்காமல் மீட்டினால் இரைச்சல், முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் சுத்தம். அப்படியென்றால் பெரும்பாலும் நட்தான்.

எலும்பு நட் ஒன்று வாங்கினேன். பழையதைச் சுற்றி பிளேடால் கோடு கீறி, மரத்துண்டு வைத்து லேசாகத் தட்டினால் வந்துவிடும். கீறாமல் தட்டினால் வார்னிஷும் சேர்ந்து பெயர்ந்து வரும். புதியதன் அடியைக் கண்ணாடி மேல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். பல் டாக்டர் அறை வாசனை! வீட்டில் திட்டு வாங்கி மொட்டை மாடிக்குப் போனேன். முகக்கவசம் அவசியம், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

நட்டுக்கென்றே விற்கும் அரங்கள் விலை அதிகம். வெல்டிங் பட்டறையில் கேஸ் டார்ச் முனையைக் குத்திச் சுத்தம் செய்ய மெல்லிய முள் கம்பி செட் வைத்திருப்பார்கள். நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறை அண்ணன் ஒருவர் ஓசியில் கொடுத்தார். அதிலேயே பள்ளம் போட்டேன். மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்தால், முதல் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு தாள் கனம் இடைவெளி இருக்க வேண்டும். அதோடு நிறுத்தவும். ராவியதை ஒட்ட முடியாது.

இப்போது பையில் ஓட்டை போட்ட சோப்பு டப்பா, உள்ளே நன்றாகப் பிழிந்த ஈர ஸ்பாஞ்ச். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் கிட்டார் சண்டை போடாது.

ஓசூர் குளிர்:
எங்கள் ஊரில் வெயில் அவ்வளவு இல்லை, நான் வேறு வழியில் கெடுத்தேன். நைலான் கம்பி கிட்டாருக்கு, சத்தம் பத்தவில்லை என்று ஸ்டீல் கம்பி மாட்டினேன். ஸ்டீல் செட் மொத்தமாக 70 கிலோவுக்குப் பக்கத்தில் இழுக்கும், நைலான் 40 கிலோ அளவில்தான். மூன்றே வாரத்தில், முன்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டையான பிரிட்ஜ் அடியில் விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி. ஒரு நாள் நடுராத்திரி ‘படார்’. வீட்டில் திருடன் என்று எழுந்துவிட்டார்கள். அவசரத்தில் உடனடிப் பசை ஊற்றியது அடுத்த தப்பு. அதைச் சுரண்டி எடுக்கத்தான் ஆசாரிக்கு ஒரு நாள் ஆனது. அப்புறம் மரப்பசை போட்டு, கிளாம்ப் வைத்து, 24 மணி நேரம் விட்டார். இப்போது நைலான் மட்டும்.

மல்கோவா:
கிருஷ்ணகிரி பக்கம் கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். பூசை நடுவில் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். கம்பியை முறுக்கும் கீதான் நழுவுகிறது என்று ஆறும் புதிதாக மாற்றினேன். அப்படியும் இறங்கியது! திருகும்போது ‘டிங்’ என்று சத்தம் வந்ததை ஒரு பெரியவர் கவனித்தார். நட் பள்ளத்தில் கம்பி சிக்கிச் சிக்கி நகர்ந்திருக்கிறது. பென்சிலால் பள்ளத்தில் இரண்டு கீறு கீறினார், சரியாகிவிட்டது. பழைய கீ ஆறும் மேசை டிராயரில் சும்மா கிடக்கின்றன.

தொப்பூர்க்காரா, கழுத்துக்குள்ளே அதன் வளைவைச் சரிசெய்ய வைத்திருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைத் தொட்டீர்களா?

தொப்பூர்க்காரன்:
ஒரே முறை, கால் சுற்று. மறுநாள் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது என்று இருந்தேன், தேவைப்படவில்லை. அந்தப் பழைய கீக்களில் இரண்டு எனக்குக் கொடுங்கள், என் தம்பி கிட்டாரில் ஒன்று வழுக்குகிறது. பென்சில் வைத்துப் பார்த்தாகிவிட்டது.