அறுப்பின் பண்டிகையில் பெயர்ப் பட்டியல் வாசிக்கலாமா?

தேரிக்காட்டான்:
நேற்று இங்கே அண்ணாச்சி ஒருவர் எழுதியிருந்தார்: சபைக் காணிக்கையில் கல்லூரி படிக்கும் பிள்ளைகளின் பெயரை அறுப்பின் பண்டிகை ஆராதனையில் வாசிக்க வேண்டுமாம், அவர்கள் எழுந்து நிற்க வேண்டுமாம். படித்ததிலிருந்து கொதிக்கிறது. காணிக்கையாக வந்த விளைச்சலைப் பண்டிகையில் ஏலம் விடும்போது பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தவர் பெயரை வாசியுங்கள், அவருக்குப் பெருமை. பீஸ் கட்ட முடியாத பிள்ளையை எதற்கு நிறுத்துகிறீர்கள்?

ஓய்வு வாத்தியார்:
அந்த அண்ணாச்சி நான்தான் தம்பி. பணம் யாருடையது? பீடி சுற்றுகிற அம்மா உலை வைக்கும்போதெல்லாம் எடுத்து வைத்த கைப்பிடி அரிசி அது. எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? 1903இல், பின்னாளில் பேராயரான அசரியாவும் மற்றவர்களும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது வெளிநாட்டுப் பணத்தை நம்பவில்லை, நம் ஜனங்களின் காணிக்கையை நம்பினார்கள். நம் பணம் என்றால் கணக்கும் நமக்குத்தான். பெயரை வாசிக்க வேண்டும்.

தேரிக்காட்டான்:
கணக்கு வேறு, பெயர் வேறு. இத்தனை பிள்ளைகளுக்கு இவ்வளவு கொடுத்தோம் என்று எழுதி ஒட்டுங்கள். மத்தேயு 6ஆம் அதிகாரம் வாசித்ததில்லையா? வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது.

ஓய்வு வாத்தியார்:
அது கொடுக்கிறவனுக்குச் சொன்னது, வாங்குகிறவனுக்கு அல்ல. பெயர் இல்லாத கணக்கில்தான் கமிட்டிக்காரரின் மச்சான் மகன் வருடா வருடம் வாங்குவான். சில சபைகள் சேர்ந்த ஒரு சேகரத்தில் என் கண்ணாலேயே பார்த்தேன், அப்பாவுக்கு அரசுச் சம்பளம், பையனுக்குச் சபைப் பணம். ஆராதனையில் வாசித்திருந்தால் அன்றைக்கே பின்வரிசையிலிருந்து யாராவது எழுந்து கேட்டிருப்பார்கள்.

ஜெசி:
அப்படிப் பெயர் வாசிக்கப்பட்டவள் நான். நர்சிங் படித்தேன். அதற்குப் பிறகு புதுச் சுடிதார் போட்டால்கூட "நம்ம காசுல படிக்கிற புள்ள" என்று காதில் விழுகிறபடி சொன்னார்கள். புதுமைப் பெண் திட்டத்தில் அரசு மாதம் 1000 ரூபாயை மாணவியின் வங்கிக் கணக்கில் போடுகிறது, அதற்காக ஊர் நடுவில் யாரையும் எழுப்பி நிறுத்துவதில்லை வாத்தியார் ஐயா.

ஓய்வு வாத்தியார்:
மகளே, உன்னை அப்படிப் பேசியவர்கள் செய்தது தப்பு. அரசுப் பணத்துக்குத் தணிக்கை உண்டு, சபைப் பணத்துக்குச் சபைதான் தணிக்கை. வாசிக்கத்தான் வேண்டும்.

அக்கினி_ஊழியன்:
காணிக்கை ஊழியத்துக்கு. காலேஜ் பீஸுக்கு அரசு உதவித்தொகை இருக்கிறதே. அப்புறம், ஆட்டையும் கோழியையும் கோயில் வளாகத்தில் ஏலம் விடுவது எந்த வசனத்தில் இருக்கிறது?

தேரிக்காட்டான்:
கலாத்தியர் 6:10 இருக்கிறது, விசுவாச வீட்டாருக்கு நன்மை செய்யச் சொல்கிறது. அரசு பார்த்துக்கொள்ளுமா? 1950 குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலினத்தில் சேர்க்கவில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, நமக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் நம் பிள்ளைகளை பி.சி.யில் வைத்திருக்கிறார்கள். மத்திய அரசுக் கல்லூரியில் எஸ்.சி. இடம் கேட்டுப் போனால் திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பிள்ளைக்குச் சபை கொடுக்காமல் யார் கொடுப்பது? கொடுத்துவிட்டு அவமானப்படுத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஓய்வு வாத்தியார்:
கொடுக்கக் கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? 1950க்குப் போகாதீர்கள், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். பெயர் தெரியாமல் கள்ளனை எப்படிப் பிடிப்பீர்கள்? போன டிசி (திருமண்டல மன்ற) எலெக்‌ஷனில் உங்கள் அணி தோற்ற கோபத்தை இங்கே காட்ட வேண்டாம்.

தேரிக்காட்டான்:
எலெக்‌ஷனை இழுத்துவிட்டீர்களா? சரி. ஏலத்தில் ஆட்டுக்கிடாவை எடுத்து வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய், இன்னும் பாக்கி வைத்திருக்கிற பெரிய மனிதர்களின் பெயரையும் அதே பட்டியலில் வாசித்துவிடுவோமா?

அக்கினி_ஊழியன்:
ஏலத்தில் பாக்கி வேறா! இதைத்தான் நான் சொன்னேன்.

ஓய்வு வாத்தியார்:
அக்கினி ஊழியன் தம்பி, நீங்கள் முதலில் உங்கள் சபையின் வரவு செலவைக் காட்டுங்கள், பிறகு எங்கள் கிடாவைப் பற்றிப் பேசலாம். என் கிடாப் பணம் ஜனவரியிலேயே கட்டியாயிற்று, ரசீது கையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். கட்டாதவர் யாரோ அவர் பெயரையும் தாராளமாக வாசியுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. அடுத்த கமிட்டியில் தீர்மானமே கொண்டுவருகிறேன்: உதவி பெறும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் வாசிக்கப்பட வேண்டும்.

ஜெசி:
கமிட்டியில் உதவி வாங்கிய பிள்ளை ஒருவராவது இருக்கிறாரா ஐயா? எங்களைக் கேட்காமலே தீர்மானமா?

ஓய்வு வாத்தியார்:
கமிட்டிக்கு வர விரும்பினால் எலெக்‌ஷனில் நிற்கலாம் மகளே.

தேரிக்காட்டான்:
நிற்பாள். தீர்மானத்தை எதிர்க்க அதற்கு முன்னாலேயே நான் வருவேன். தொகையைச் சொல்லுங்கள், எத்தனை பேர் என்று சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

ஓய்வு வாத்தியார்:
பெயர் வேண்டும்.