பெர்சிஸ்டென்ட் சர்ச்: தொடர்தேடலா, ஓயாத்தேடலா?

க.: வணக்கம். நாம் தமிழாக்கும் எல்டாப்3 பைதான் நூலகக் கையேட்டில், அடைவுச் சேவையகத்தின் (பயனர், கணக்கு போன்ற பதிவுகளை வைத்திருந்து எல்டாப் நெறிமுறையில் தரும் சர்வர்) மாற்றங்களைக் கவனிக்கும் பகுதியை வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும். 'பெர்சிஸ்டென்ட் சர்ச்' என்பதற்கு என்ன போடலாம்? தேடல் முடியாமல் திறந்தே கிடக்கும். மாற்றம் நடக்க நடக்க சர்வரே அனுப்பும். இப்போதைக்குத் 'தொடர்தேடல்'.

ந.: அது குழப்பும். ஐந்து நிமிடத்துக்கொருமுறை திரும்பத் தேடுவதையும் அப்படித்தான் வாசிப்பார்கள். பதிவு கடைசியாக மாறிய நேரத்தை, அதாவது மாடிஃபை டைம்ஸ்டாம்ப்பை வைத்துத் திரும்பத் தேடினால் அழிந்த பதிவு கண்ணில் படவே படாது. பெர்சிஸ்டென்ட் சர்ச்சில் அழிப்பும் வரும். எந்த வகை மாற்றம் வேண்டும் என்பதை எண்ணால் சொல்வோம்: சேர்ப்பு 1, அழிப்பு 2, மாற்றம் 4, பெயர்மாற்றம் 8, நான்கும் வேண்டுமானால் கூட்டி 15.

வே.: ஓயாத்தேடல். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலி மிகும். குறள் 734-இல் 'ஓவாப் பிணி' இருக்கிறதே. ஓவு, ஓய் இரண்டும் ஒரே வேர் என்பது என் துணிபு. 'ஓய்வு' என்பதையும் சேர்த்துப் பார்த்தால்...

ந.: ஐயா, பிணி என்பது பொருத்தம்தான். நடுவில் ஃபயர்வால் இருந்தால் சும்மா கிடக்கும் இணைப்பை அறுத்துவிடும், ஓயாதது ஓய்ந்துவிடும். அறுந்த இடைவெளியில் நடந்த மாற்றங்கள் போனது போனதுதான், இதில் குக்கி, அதாவது எதுவரை வாங்கினோம் என்ற அடையாளக்குறி, கிடையாது. 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4533 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் உண்டு. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஓப்பன்எல்டாப் சர்வர் தன் சிங்க்ப்ராவ் என்ற துணைக்கூறு வழியாகத் தருவது அதைத்தான். பெர்சிஸ்டென்ட் சர்ச் வரைவாகவே நின்றுபோனது. சர்வர் தன்னைப் பற்றிச் சொல்லும் ரூட் டிஎஸ்இ பதிவின் சப்போர்ட்டட் கன்ட்ரோல் பட்டியலில் (கோரிக்கையோடு சேர்த்து அனுப்பக்கூடிய கூடுதல் குறிப்புகள்) இதன் அடையாள எண் 2.16.840.1.113730.3.4.3 இல்லையென்றால் முயலவே வேண்டாம்.

சி.: அதுக்கு முதல், 'அடைவு' எண்டால் எங்கட பக்கம் நகை ஈடு வைக்கிறது. அடைவுச் சேவையகம் எண்டு யாழ்ப்பாணத்தில வாசிச்சுப் பாருங்கோ.

வே.: 'கோப்பகம்' என்றால் கோப்புறையோடு மோதும், அம்மா. அந்தச் சண்டை இன்னொரு இழையில்.

ம.: எனக்குத் 'தேடல்' என்பதே உறுத்துகிறது. 'சேஞ்சஸ் ஒன்லி' (மாற்றங்கள் மட்டும்) என்ற அமைப்பை மெய் என்று அனுப்பினால் ஏற்கெனவே உள்ள பதிவு ஒன்றுகூட வராது. எதைத் தேடினோம்? 'மாற்றக்காவல்' என்பதே சரி.

ந.: அனுப்புவது தேடல் கோரிக்கைதானே? அடிமுகவரி, வீச்சு, வடிகட்டி எல்லாம் அதில் உண்டு. கன்ட்ரோல் ஒன்றுதான் கூடுதல். அதைக் கட்டாயம் என்று குறிக்காமல் அனுப்பினால், ஆதரிக்காத சர்வர் அதைக் கண்டுகொள்ளாமல் சாதாரணத் தேடலாக முடித்துவிடும். நிரல் எழுதியவர் மாற்றம் வரும் வரும் என்று உட்கார்ந்திருப்பார். கட்டாயம் என்றால், இந்தக் கன்ட்ரோல் இங்கே இல்லை என்று பிழை 12 வந்துவிடும். 'தேடல்' இருந்தால்தான் இது புரியும்.

க.: நேரமில்லை. வே. ஐயா சொன்ன 'ஓயாத்தேடல்' இருக்கட்டும். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் பெர்சிஸ்டென்ட் சர்ச். கூடவே ஒரு எச்சரிக்கை: சிங்க் உத்தியில் (பதில் வரும்வரை நிரல் காத்திருக்கும் முறை) திறந்த இணைப்பில் இதைக் கூப்பிட்டால் நூலகம் பிழை எறியும், காத்திராமல் வர வர வாங்கும் அசிங்க் ஸ்ட்ரீம் உத்தி வேண்டும்.

ம.: போடுங்கள். ஆர்எஃப்சி 4533 அத்தியாயத்தில் 'ரீஃப்ரெஷ் அண்ட் பெர்சிஸ்ட்' (முதலில் உள்ளதைத் தந்து, பிறகு மாற்றங்களைத் தொடர்ந்து அனுப்பும் முறை) வரும்போது அந்த 'ஓயா'வை எங்கே ஒட்டுவீர்கள் என்று பார்க்கிறேன்.