மாத்திரையை ஏன் உடனே தரவில்லை?

தம்பிக்கு அப்போது 24 வயது. ப்ரவுன் சுகர் என்கிற மட்டமான ஹெராயினை அலுமினியத் தாளில் வைத்துப் புகை இழுப்பான். மனநலப் பிரிவில் சேர்க்கச் சொன்னதும், "பைத்தியக்கார வார்டா?" என்று அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியாக இழுத்தது அன்று காலையில். சாயங்காலம் கொட்டாவி ஆரம்பித்தது. அப்புறம் மூக்கொழுகல், புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு. ராத்திரி கால் இழுக்கிறது என்று கட்டிலை உதைத்துக்கொண்டே கிடந்தான். டாக்டரோ நாடி பார்ப்பதும் கண்மணியைப் பார்ப்பதும் தாளில் மதிப்பெண் போடுவதுமாக இருந்தார். "துடிக்கிறான், மாத்திரை கொடுக்க என்ன கேடு?" என்று கத்திவிட்டேன். இன்றும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் கோபப்படவில்லை. அந்த மாத்திரையின் பெயர் ப்யூப்ரெநார்ஃபின். மூளையில் ஹெராயின் உட்காரும் அதே இடத்தில்தான் உட்காருமாம். ஹெராயின் இன்னும் மிச்சமிருக்கும்போது கொடுத்தால் அதைத் தள்ளிவிட்டு இது ஏறிக்கொள்ளும். ஆனால் அதன் வேலையை முழுதாகச் செய்யாது. வேதனை ஒரேயடியாக ஏறிவிடும். அதற்காகத்தான் காத்திருப்பு.

நள்ளிரவுக்கு மேல் நாக்குக்கு அடியில் வைத்தார்கள். கரையும் வரை நர்ஸ் நகரவில்லை, வாயைத் திறக்கச் சொல்லியும் பார்த்தார். ஒளித்துவைத்து விற்பவர்கள் உண்டாம். விடிவதற்குள் தூங்கிப்போனான்.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகிறேன் என்றான். அவனே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவன். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, கேட்டால் விட வேண்டும். தேவைப்பட்டால் மதிப்பிட்டுப் பார்க்க 24 மணி நேரம் நிறுத்திவைக்கலாம், அவ்வளவுதான். பக்கத்துக் கட்டில்காரர் கேரம் ஆட அழைத்துப் போனார். கேரம்தான் தடுத்தது என்று நான் நம்புகிறேன்.

பதில்: போதை மீட்பு வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். எங்களுக்கு வயிற்றைக் கலக்கும் நாள் டிஸ்சார்ஜ் நாள்தான். சில வாரம் நிறுத்தியதும் உடம்பின் தாங்குசக்தி இறங்கிவிடும். பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். ஒரு பையனின் அப்பா, "இந்த மாத்திரையும் போதைதானே, வேண்டாம்" என்று எழுதிக்கொடுத்து அழைத்துப்போனார். நான்காம் நாள் செய்தி வந்தது. நன்றாகப் பாடுவான் அந்தப் பையன்.

பதில்: எங்கள் அப்பாவும் அதையேதான் கேட்டார், அக்கா. சர்க்கரைக்கு நீங்கள் தினமும் மாத்திரை போடவில்லையா என்றேன். பேசாமல் எழுந்து போய்விட்டார். மறு வாரம் தம்பியை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கூட்டிப்போனவர் அவர்தான்.