கோம்தெஸ் த செகூர்: பாட்டி எப்படி எழுத்தாளர் ஆனார்? பிள்ளைகளுக்கு வாசிக்கலாமா?

கோத்தகிரி வாசகி:
சனிக்கிழமை சாயங்காலம் எங்க ஊர் கிளை நூலகத்தில ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைகளுக்குக் கதை சொல்றேன். பாதிப்பேர் எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள். அடுத்து, பிள்ளைகளுக்கு எழுதின பிரெஞ்சு எழுத்தாளர் கோம்தெஸ் (பிரபுவின் மனைவிக்குரிய பட்டம்) த செகூர் கதைகளை ஆங்கிலத்தில படிச்சுத் தமிழ்ல சொல்லலாம்னு இருக்கேன். அவரைப் பத்தித் தேடினா, "பிரபு குடும்பத்துப் பாட்டி, பேத்திகளுக்காக எழுதினார்" என்பதோட முடிச்சுடறாங்க. எழுத்து எப்படி அவருக்குத் தொழிலாச்சு? இன்னொண்ணு, கதைகள்ல பிரம்படி நிறைய வருது. இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

குன்னூர் பிரெஞ்சு டீச்சர்:
பேத்திகளுக்காகத்தான் ஆரம்பிச்சார். அதோட நிறுத்தினா அவருடைய உழைப்பு அத்தனையும் மறைஞ்சுபோகும். எனக்கு இது ரொம்ப நாள் ஆதங்கம்.

1799-ல பீட்டர்ஸ்பர்க்கில பிறந்த சோஃபி ரஸ்தோப்சின் அவர். அப்பா 1812-ல மாஸ்கோ கவர்னர். நெப்போலியன் உள்ளே வந்ததும் ஊரே எரிஞ்சதே, அந்தத் தீயை வைக்கச் சொன்னது அப்பாதான்னு பேச்சு. அப்புறம் குடும்பம் ரஷ்யாவை விட்டு வெளியேறி, 1817-ல பாரிஸ் வந்து சேர்ந்தது. 1819-ல எழேன் த செகூரோட கல்யாணம். கணவர் பெரும்பாலும் பாரிஸ்ல. இவர் நார்மண்டியில நூவெத் என்கிற பண்ணை வீட்டில இருந்தார். எட்டுப் பிள்ளைகள். பேத்திகள் கமீயும் மத்லேனும் லண்டன் போயிட்டாங்க. அவங்களுக்குச் சொன்ன கதைகளை எழுத்தில வச்சார். 1857-ல முதல் புத்தகம், குஸ்தாவ் தொரே படங்களோட. அப்போ வயசு 57.

அதுக்குப் பிறகு நடந்ததைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லணும். கணவர் ஒரு ரயில்வே கம்பெனித் தலைவர். பதிப்பாளர் லூயி அஷெத் ரயில் நிலையங்கள்ல புத்தகக் கடை நடத்தினவர். அறிமுகம் அந்த வழியில கிடைச்சது. குழந்தைப் புத்தகங்களுக்கு அஷெத் ரோஸ் நிற அட்டை போட்டார். அந்த வரிசையைத் தூக்கி நிறுத்தினது இந்த அம்மாதான். சுமார் 15 வருஷத்தில ஏறக்குறைய 20 புத்தகம்! பதிப்பகத்தார் வரிகளை வெட்டினா, விடாம கடிதம் எழுதிச் சண்டை போட்டார். அன்றைய பிரெஞ்சுச் சட்டத்தில கல்யாணமான பெண் தன் சம்பாத்தியத்தை வாங்கவே கணவர் சம்மதம் வேணும். அந்தச் சம்மதத்தை வாங்கி, எழுத்துப் பணம் தன் கைக்கே வரும்படி செஞ்சுக்கிட்டார்.

அடி விஷயம்: சிற்றன்னை ஃபிஷினி, கதையில வர்ற சிறுமி சோஃபியைப் போட்டு அடிக்கிறாளே, அங்கே செகூர் முழுக்கக் குழந்தை பக்கம். பக்கத்துப் பண்ணை ஃப்ளர்வில் அம்மா அடிக்காமலே வளர்க்கிறதைக் கூடவே காட்டறார். ஆனா சோஃபியின் சொந்த அம்மா, தையல் பெட்டியில திருடினதுக்காக அடிக்கிறதை அவர் தப்புன்னு சொல்லலை. அங்கே எனக்கு அவரோட உடன்பாடு இல்லை. அந்த இடத்தை மறைக்காதீங்க, பிள்ளைகளையே பேச விடுங்க. அடி வாங்கினவங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

லவ்டேல் தம்பி:
டீச்சர், ரயில் நிலையக் கடைன்னதும் நம்ம ஹிக்கின்பாதம்ஸ் ஞாபகம் வந்தது. அக்கா, அவர் உரையாடலை நாடகம் மாதிரி, பேசுறவர் பேரைப் போட்டே எழுதியிருப்பார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்துடுங்க. வாசிக்கக் கூச்சப்படுற பிள்ளைகூட வாயைத் திறக்கும்.

கோத்தகிரி வாசகி:
ரொம்ப நன்றி. டீச்சர், எதுல ஆரம்பிக்கட்டும்?

குன்னூர் பிரெஞ்சு டீச்சர்:
சோஃபியின் மெழுகு பொம்மையில ஆரம்பிங்க. பொம்மைக்குக் குளிரக் கூடாதுன்னு வெயில்ல வைக்கிறா, கண்ணு ரெண்டும் உள்ளே போயிடுது. நம்ம மலைப் பிள்ளைகளுக்கு வெயில் காய்றதைச் சொல்லித் தரணுமா! சின்ன அத்தியாயம், ஒரே மூச்சில முடியும். அடுத்து 1860-ல வந்த கழுதைக் கதை. கழுதையே தன் எஜமானர்களைப் பத்திச் சொல்லும். ஊட்டி ஏரிக்கரைக் குதிரைகளைப் பார்த்த பிள்ளைகள் கேள்வியா கேப்பாங்க. ரஷ்ய ஜெனரல் கதையில சவுக்கடி கொஞ்சம் கடுமை, ஒன்பதாவது வந்த பிறகு போதும். மீன் அத்தியாயத்தை மட்டும் முன்னாடியே தனியாப் படிச்சுப் பாருங்க. அம்மா வளர்க்கிற மீன்களைச் சோஃபி உயிரோட உப்புப் போட்டு வெட்டறா. சின்னப் பிள்ளைங்க இருந்தா அன்னைக்கு வேற அத்தியாயம் எடுங்க.