போதை ஊசி போடுகிறவர்களுக்கு எச்ஐவி பயமே இல்லையா?

மேலமாசிவீதி: போதை ஊசி போடுகிறவனுக்கு எச்ஐவி பயம் துளியும் கிடையாது. தெரிந்தேதான் ஒரே ஊசியை மாற்றி மாற்றிக் குத்துகிறான். இவனுக்கு விழிப்புணர்வு, இலவச ஊசி எல்லாம் வீண் செலவு.

செல்லூர்க்காரன்: மாடியில் உட்கார்ந்து பேசுகிற பேச்சு. நான் களப்பணி செய்தவன். பயம் உண்டு, கூட்டாளி மேல்தான் வராது. "இவன் என்கூடப் படிச்சவன், ஆளு வாட்டசாட்டமா இருக்கான், இவனுக்கு எப்படி இருக்கும்?" என்பான். முன்பின் தெரியாதவனுடைய ஊசியைத் தொடமாட்டான், கூட்டாளி ஊசியைத் தண்ணீரில் அலசிப் போட்டுக்கொள்வான். தொற்று வந்தாலும் பல வருடம் வெளியே ஒன்றும் தெரியாது, அதை யார் சொல்வது?

வைகைக்கரை: தண்ணீரில் நன்றாக அலசினால் போதுமே. காற்று பட்டாலே அந்தக் கிருமி செத்துவிடும்.

செல்லூர்க்காரன்: வெளியே காய்ந்த ரத்தம் வேறு, சிரிஞ்சுக்குள் அடைபட்ட ரத்தம் வேறு. ஆய்வகத்தில் 42 நாள் வரை உள்ளே உயிரோடு இருந்திருக்கிறது. தண்ணீர் போதாது.

வைகைக்கரை: 42 நாளா? மதுரை வெயிலிலா? யாரிடம் கதை விடுகிறீர்கள்?

செல்லூர்க்காரன்: வெயிலில் சீக்கிரம் சாகும், சரி. அவன் என்ன 42 நாள் காத்திருந்தா குத்துகிறான்? அடுத்த நிமிடமே குத்துகிறான்! தண்ணீர் போதாது.

திருமங்கலத்தான்: எச்ஐவியிலேயே நிற்கிறீர்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி ஊசி வழியாக அதைவிடச் சுலபமாகப் பரவும். மருந்து கலக்கும் மூடி, பஞ்சு, தண்ணீரைப் பகிர்ந்தாலே வரலாம். அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

மேலமாசிவீதி: செல்லூர்க்காரருக்கு எல்லாம் தெரியும்! போன மாதம் குப்பை வண்டி விஷயத்திலும் இப்படித்தான் ஊரையே திட்டினார். ஊசி கொடுப்பது போதையை வளர்ப்பதுதான்.

செல்லூர்க்காரன்: குப்பை வண்டி இங்கே எதற்கு? உங்கள் தெருவைச் சொன்னது இன்னும் உறுத்துகிறதோ? 2017 எச்ஐவி சட்டத்தைப் படியுங்கள். தொற்றைத் தடுக்கச் சுத்தமான ஊசி கொடுப்பது குற்றமில்லை என்று அதிலேயே இருக்கிறது. நாக்கடியில் வைக்கும் புப்ரெனார்பின் மாத்திரையும் அதற்காகத்தான், ஊசியை விட வைக்க. பெரியாஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம். ஆனாலும் போகமாட்டான், யாராவது பார்த்துவிட்டால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று. எச்ஐவியைவிட அந்தப் பயம்தான் அவனுக்குப் பெரிது. உங்களைப் போன்றவர்கள் கொடுத்த பயம் அது.

மேலமாசிவீதி: இப்போது நான்தான் குற்றவாளியா? நன்றாக இருக்கிறது நியாயம்.

வைகைக்கரை: கொதிக்கிற தண்ணீர் என்றால்?

செல்லூர்க்காரன்: புது ஊசி, ஆளுக்கு ஒன்று. எத்தனை முறை சொல்வது?

வைகைக்கரை: கேட்டதற்குப் பதில் இல்லை பாருங்கள்.