பணத் தாளில் பார்த்த இடத்தை நேரில் கண்ட அனுபவம்: உங்கட கதையையும் எழுதுங்க

கல்லடி:
இலங்கை 50 ரூபா தாளை எடுத்து முன்பக்கத்தைப் பாருங்க. மட்டக்களப்பு – பொலன்னறுவை வீதியில வாற மன்னம்பிட்டிப் பாலம் அது. 2007ல திறந்த புதுப் பாலத்தோட பழைய இரும்புப் பாலமும் கிடக்கு. புதுசு வாறதுக்கு முந்தி பழையதில கோச்சியும் (ரயிலும்) வாகனமும் ஒரே தளத்திலதான் போனது. கோச்சி வந்தா பஸ் இங்கால கரையில நிக்கவேண்டியிருந்தது. மறுகா பஸ்ஸைத் தண்டவாளத்துக்கு மேலால மெல்ல மெல்ல உருட்டினாங்க, கீழ மகாவலி ஓடும். கொழும்புக்குப் போய் வந்த நம்மட ஆக்களுக்கு அது மறக்காது.

2011ல வந்த வரிசை இது, தாள்ல 2010 எண்டு போட்டிருக்கும். அல்பத்தில சேர்க்க நல்ல தாள் கிடைக்கிறதுதான் பெரும்பாடு. சந்தையில மீன் வாசத்தோட, நடுவுல டேப் ஒட்டினதுதான் கைக்கு வரும். சித்திரை வருசத்துக்குக் கைவிசேஷம் குடுக்கவெண்டு வங்கியில புதுத்தாள் கேளுங்க, அப்ப பாத்து எடுக்கலாம். பின்பக்கத்து நடனப் படம் நெட்டுக்கு இருக்கிறதால அல்பத்தைத் திருப்பித் திருப்பித்தான் பாக்கணும். இது ஒரு கரைச்சல்.

காத்தான்குடி:
காக்கா (அண்ணன்) சவூதியில இருந்து கொண்டந்த 50 ரியால் தாள் என்னட்ட இருக்கு. முன்பக்கம் மன்னர் சல்மானும் ஜெரூசலத்துப் பாறைக் குவிமாடமும், பின்பக்கம் அங்கத்த அல் அக்ஸா பள்ளிவாசல். ரெண்டையும் ஒண்டெண்டு நினைக்கிற ஆக்கள்தான் கூட. நம்மட ஊரில அதே பேரில இருக்கிற அல் அக்ஸா பள்ளியைப் பாத்தா முன்பக்கத்துப் பொன் குவிமாடம்தான் ஞாபகம் வரும். தாளைக் கொண்டுபோய் பள்ளி வாசல்ல பிடிச்சுப் பாத்தன். எட்டுப்பட்டைச் சுவரைச் சின்னப்பிள்ளையள் விரல் வச்சு எண்ணினாங்க.

அம்பாறை:
5000 ரூபா தாள்ல அணைக்கட்டைக் கண்டுட்டு இங்கினியாகலை எண்டு எங்கட பக்கத்தில வாதாடுறவங்க இருக்காங்க. இல்லை, அது மஸ்கெலிய ஓயாவை மறிச்ச கனியன் அணை. இங்கினியாகலையில கல்லோயாவை மறிச்சு இவ்வளவு பெரிய சேனநாயக்க சமுத்திரம் இருக்க அதை இந்த வரிசையில போடாதது எனக்கு மனவருத்தம்தான்.

கல்லடித் தம்பி, 1998ல சுதந்திரப் பொன்விழாவுக்கு அடிச்ச 200 ரூபா பிளாஸ்டிக் தாள் ரெண்டு வச்சிருக்கன். உங்களிட்ட மடிப்பு விழாத 50 இருந்தா மாத்துவம். லாமினேட் பண்ணினது மட்டும் வேணாம்.