பைலட் படிப்புக்குப் போனவர்களே, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு நிமிடம் எது?

குரோம்பேட்டை:
பைலட் படிப்புக்கான முதல் மருத்துவப் பரிசோதனை, கிளாஸ் 2 மெடிக்கல். கண்ணுக்கு நிறங்கள் சரியாகப் பிரிகின்றனவா என்று பார்க்கும் அந்தப் புள்ளிப் புத்தகம் எல்லாருக்கும் தெரியும்தானே, இஷிஹாரா. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும். டாக்டர் முதல் பக்கத்தைக் காட்டினார், 12 என்றேன். நிறக்குறை உள்ளவர்களும் அந்த முதல் பக்கத்தைச் சரியாகப் படித்துவிடுவார்களாம், அது எனக்கு அப்போது தெரியாது. அடுத்த பக்கம். 3 என்றேன், சந்தேகமே இல்லாமல். பக்கத்து நாற்காலியிலிருந்து அப்பா மெதுவாக, "எட்டுடா தம்பி" என்றார். டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொன்னார். அதற்குப் பிறகு வந்த பல பக்கங்களில் வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. பயிற்சி மையத்துக்கு 2 லட்சம் அட்வான்ஸ் ஏற்கெனவே கட்டியிருந்தோம். திருப்பித் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பணம் போனதைவிட அந்த "எட்டுடா"தான் இன்னும் காதில் கேட்கிறது.

மடிப்பாக்கம்:
தம்பி, மெடிக்கலுக்கு முன்னால் யாராவது பணம் கட்டுவார்களா? என் கதை சின்னது. முதல் சோலோ, அதாவது முதன்முதலாகத் தனியாகப் பறக்கும் நாள் அன்று இன்ஸ்ட்ரக்டர் இறங்கினார், காலியான தன் சீட்டின் பெல்ட்டை அவரே பூட்டினார், கதவைச் சாத்தினார். ஓர் ஆள் எடை குறைந்ததில் செஸ்னா பயிற்சி விமானம் நான் எதிர்பார்த்ததற்கு முன்பே ரன்வேயை விட்டு எழும்பிவிட்டது. திரும்பிப் பார்த்தால் பூட்டிய பெல்ட் மட்டும்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகரித்த டாக்டரிடம் கிளாஸ் 2. அது சரியானால் உடனே கிளாஸ் 1, நான் பெங்களூருவில் விமானப்படையின் மருத்துவ நிலையமான ஐஏஎம்மில் எடுத்தேன். அது கையில் வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அப்புறம் கம்ப்யூட்டர் நம்பர் (டிஜிசிஏ தேர்வுக்கான பதிவு எண்) வாங்கித் தேர்வுகள்: நேவிகேஷன், வானிலை, ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல். ஒவ்வொன்றிலும் 70 எடுத்தால்தான் பாஸ். பறப்பதற்கு முன்பே இவற்றை முடித்தால் நிம்மதி. கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், அதில் 100 மணி நேரம் விமானம் உங்கள் பொறுப்பில் இருக்க வேண்டும். 300 கடல் மைல் கிராஸ் கன்ட்ரி (நீண்ட தூரப் பயணம்) ஒன்று உண்டு, வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி நிறுத்த வேண்டும். பயிற்சி மையத்துக்குப் போனால் விளம்பரப் பலகையைப் பார்க்காதீர்கள், ஹேங்கருக்குள் போய் எத்தனை விமானம் பறக்கும் நிலையில் நிற்கிறது என்று எண்ணுங்கள். பறந்த மணிக்குத்தான் பணம் என்று எழுதி வாங்குங்கள். கடன் எடுத்தால் மழைக்காலத்தில் விமானம் தரையில் நிற்கும்போதும் வட்டி ஓடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

வில்லிவாக்கம்:
மடிப்பாக்கம் அண்ணா, நீங்கள் சொன்ன வரிசை சரிதான். ஆனால் 18 வயதுப் பையனிடம் "யாராவது கட்டுவார்களா" என்று கேட்பது நியாயமில்லை. "சீட் முடியப்போகிறது, இன்றைக்கே கட்டுங்கள்" என்று போன் மேல் போன் போட்டால் எந்த அப்பா தாங்குவார்? என் அப்பாவும் கட்டினார்.

நான் பிளஸ் டூவில் காமர்ஸ். பைலட் படிப்புக்காக என்ஐஓஎஸ்ஸில் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) இயற்பியலும் கணிதமும் தனியாக எழுதிவிட்டு வந்தேன். கணக்கு என்னைக் கவிழ்க்கவில்லை, ஒரே ஒரு சொல் கவிழ்த்தது. ரேடியோ வாய்மொழித் தேர்வில், ரன்வேக்கு வெளியே நிற்கச் சொல்லி கட்டளை வந்தது. "ரோஜர்", அதாவது "கேட்டுவிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். எதிரில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் என்ன சொன்னேன் என்று உனக்குப் புரிந்ததா என்பது எனக்கு எப்படித் தெரியும்?" ரன்வே எண்ணோடு முழுக் கட்டளையையும் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது அம்மா கடையில் சாமான் வாங்கி வரச் சொன்னால்கூட முழுசாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

பொழிச்சலூர் அம்மா:
என் மகன் லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் வேலை இல்லை. ஏர்பஸ் ஓட்ட டைப் ரேட்டிங் என்று அந்த வகை விமானத்துக்கான பயிற்சியைத் தனியாகச் செய்ய வேண்டுமாம், அதற்கு வேறு கடன். எங்கள் வீடு சென்னை விமான நிலையத்தின் பக்கத்தில், மொட்டை மாடிக்கு மேலேதான் விமானங்கள் போகும். கடற்காற்று எழும்பினால் மேற்கிலிருந்து வந்து கிழக்குப் பார்த்து இறங்கும், ரன்வே 07 என்று அவன்தான் சொல்லிக் கொடுத்தான். ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். காக்பிட் படத்தைச் சுவரில் ஒட்டி, எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இருட்டில் ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டுக்கொண்டிருந்தான். கூப்பிடாமல் வந்து படுத்துவிட்டேன்.

குரோம்பேட்டைத் தம்பி, இந்தக் குறை பெரும்பாலும் தாய்வழியில் வருமாம். அம்மா பக்கம் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் மேல் தப்பில்லை.

குரோம்பேட்டை:
அம்மா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று தாம்பரத்தில் தாய்மாமா கடைக்குப் போனேன். 30 வருடமாக டெய்லர். போனில் அந்த இரண்டாவது பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "3தானே, இதில் என்னடா இருக்கிறது?" என்றார். உள்ளேயிருந்து அத்தை வந்து எட்டிப் பார்த்து 8 என்றார். துணிக்கேற்ற நூல்கண்டை இத்தனை வருடமும் அத்தைதான் எடுத்துக் கொடுத்துவந்திருக்கிறார்.